கிளம்ப மறுக்கும் பழைய வண்டி

சங்கத்தின் பொங்கல் விருந்தன்று பந்தி முடிந்து தாம்பூலம் வழங்கிக்கொண்டிருந்த வேளையில், அன்பர்கள் மூவர் ஒருவர்பின் ஒருவராக நம்மிடம் வந்து ஒரே குறையைச் சொன்னார்கள். மூவர் வீட்டிலும் தகப்பனார் காலத்து மோட்டார் வண்டி ஒன்று இருக்கிறது. இருவருடையது பியட், மற்றவருடையது அம்பாஸடர். மூன்றும் காலையில் கிளம்ப மறுக்கின்றன. ஓர் அன்பர் மூன்று மெக்கானிக்குகளிடம் காட்டி, மூன்று விதமான தீர்ப்பும் மூன்று விதமான பில்லும் பெற்றிருக்கிறார். இன்னொருவர் வீட்டில், "பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடலாம், அப்பா" என்று பிள்ளைகள் மாதம் ஒருமுறை பேச்செடுக்கிறார்களாம். சென்ற இரண்டு இதழ்களாக வாடகை ஒப்பந்தம் பற்றி எழுதிவந்த நாம், அந்தத் தொடரைச் சற்றே நிறுத்திவைத்து, இம்மாதம் இந்த விஷயத்தை எடுத்துக்கொள்கிறோம். நம் வீட்டிலும் அப்படி ஒரு வண்டி உண்டு. அதன் பொருட்டு நாம் பணத்தை இழந்ததோடு, பணத்தைக் காட்டிலும் பெரிய ஒரு பிழையையும் செய்தோம். இரண்டையும் மறைக்காமல் எழுதிவிடுவதே உசிதம்.

மெக்கானிக் ஏன் கிடைப்பதில்லை என்பதை முதலில் பார்த்துவிடுவோம். மும்பை குர்லாவில் பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலையில் தயாரான பியட் 1100 வண்டி, 1964இல் 'டிலைட்' என்றும், 1972இல் 'பிரஸிடெண்ட்' என்றும், 1974இல் 'பத்மினி' என்றும் பெயர் மாறி வந்து, 2000ஆம் ஆண்டை ஒட்டி ஓய்ந்துபோயிற்று. கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் தயாரான அம்பாஸடர் 2014 மே மாதத்தில் நின்றது. ஆனால் இவற்றைப் பழுது பார்த்த கைகளுக்குச் சோறு போட்டவை, உங்களுடையதும் நம்முடையதும் போன்ற வீட்டு வண்டிகள் அல்ல, டாக்ஸிகள். ஒரு டாக்ஸிக்காரர் வண்டி நின்றால் அன்றைய அடுப்பு எரியாது. ஆகையால் அரை மணியில் கோளாறைக் கண்டுபிடித்து, முடிந்தால் செலவே இல்லாமல் சரிசெய்து அனுப்பும் ஒரு மெக்கானிக் கூட்டம் இந்த ஊரில் ஒவ்வொரு டாக்ஸி நிலையத்தின் அருகிலும் இருந்தது. மும்பையில் டாக்ஸிக்கு இருபது ஆண்டே ஆயுள் என்பது விதி. கடைசிப் பத்மினி டாக்ஸி 2003 அக்டோபரில் பதிவானது. 2023 அக்டோபர் 30ஆம் தேதியோடு அதற்கும் ஆயுள் முடிந்தது. வண்டிகள் மறைந்ததைப் பற்றிப் பத்திரிகைகள் உருக்கமாக எழுதின. அவற்றோடு கலைந்துபோன மெக்கானிக்குகளைப் பற்றி எழுதியவர் சொற்பம்.

இன்றைய பட்டறைப் பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. வண்டியில் ஒரு கம்பியைச் செருகினால் இன்ன இடத்தில் கோளாறு என்று கருவியே எழுதிக் காட்டும் காலத்தில் தொழில் கற்றவர்கள் அவர்கள். நம் வண்டிகளில் அந்தக் கம்பியைச் செருகுவதற்குத் துவாரமே கிடையாது.

நம்முடையது 1969ஆம் ஆண்டு பியட். தகப்பனார் அதை 1974இல் ஒரு பார்ஸி கனவானிடமிருந்து வாங்கினார். மாதுங்காவில் நம் கட்டடத்திலேயே முதல் வண்டி அதுதான் என்பதால், யார் வீட்டில் பிரசவம் என்றாலும் நள்ளிரவில் கதவைத் தட்டுவது நம் வீட்டுக் கதவைத்தான். 2012இல் தகப்பனார் காலமான பின்னும் வாரம் இருமுறையாவது ஓட்டி வைத்திருந்தோம். 2024 ஜூலை மாதத்து மழையில் ஒருநாள் காலை செல்ஃப் போட்டபோது, அது நோயாளியைப்போல இரண்டு முறை முனகிவிட்டு நின்றுபோயிற்று.

கண்ணாடிக் கதவும் குளிர்சாதன அறையும் வைத்த ஒரு பட்டறைக்கு வண்டியை இழுத்துச் சென்றோம். பாட்டரி போய்விட்டது என்றார்கள். புதிய பாட்டரிக்கு 5,200 ரூபாய் கொடுத்தோம். நாலு நாள் ஓடி மறுபடி முனகியது. செல்ஃப் மோட்டார் போய்விட்டது என்றார்கள். அதற்கு 7,500 ரூபாய். ஒரு வாரம் கழித்து மீண்டும் அதே முனகல். மூன்றாம் முறை போனபோது, "எஞ்சினில் கம்ப்ரெஷனே இல்லை, ரீபோர் செய்து, பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்ற வேண்டும், 85,000 ரூபாய் ஆகும்" என்று அழகாக அச்சடித்த தாளில் மதிப்பீடு தந்தார்கள். கம்ப்ரெஷன் போயிற்று என்று எப்படித் தெரிந்தது, எந்த அளவுகோலை வைத்துப் பார்த்தீர்கள் என்று கேட்க வேண்டும் என்பதுகூட நமக்கு அன்று தோன்றவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினோம். பையன் பங்களூரிலிருந்து தொலைபேசியில், "அந்தப் பணத்துக்கு ஆயுசு முழுக்க வாடகை வண்டியில் போகலாம்" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

இவ்விடத்தில் நம் கதையை நிறுத்திவிட்டு, அன்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம். பின்னால் கற்றுக்கொண்டதுதான், ஆனாலும் உங்களுக்கு முன்னாலேயே உதவட்டும்.

கிளம்பாத பழைய வண்டியை மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எஞ்சின் சுற்றுகிறதா? பிளக்கில் பொறி வருகிறதா? பெட்ரோல் வருகிறதா? இந்த வரிசை முக்கியம். முதல் கேள்விக்கு விடை தெரியாமல் மூன்றாவதற்குப் போகிறவர், கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து பணம் வாங்கிக்கொண்டு போவார். வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

எஞ்சின் சுற்றவில்லை, அல்லது முனகிச் சுற்றுகிறது என்றால், இரவு வேளையில் முன்விளக்கைப் போட்டுவிட்டுச் செல்ஃப் போட்டுப் பாருங்கள். விளக்கு மங்கி அணைவதுபோல் ஆனால் பாட்டரி இளைத்திருக்கிறது, அல்லது அதன் முனைகள் பிடிப்பின்றி இருக்கின்றன. விளக்கு சிறிதும் மங்காமல் செல்ஃப் மட்டும் மௌனம் சாதித்தால், அதற்கு மின்சாரமே போய்ச் சேரவில்லை. சுவிட்சிலோ, சாலினாய்டிலோ, மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷிலோ கோளாறு. நானூறு ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு வோல்ட் மீட்டரை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. நன்றாகச் சார்ஜ் ஆன 12 வோல்ட் பாட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் சுற்றும்போது 10 வோல்ட்டுக்கு வெகுவாகக் கீழே இறங்கினால் பாட்டரியைச் சந்தேகிக்கலாம். முனைகளில் பச்சையும் வெள்ளையுமாய்ப் பூத்திருந்தால், ஆப்பசோடாவைத் தண்ணீரில் கரைத்துத் தேய்த்துக் கழுவித் துடைத்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸலைன் தடவுங்கள். புது பாட்டரி வாங்க இருந்த எத்தனையோ பேருக்கு இந்த ஆப்பசோடாவே போதுமானதாக இருந்திருக்கும்.

இனி, பெரும்பாலோர் மறந்துவிடுகிற சமாசாரம் ஒன்று. மின்சாரம் பாட்டரியிலிருந்து செல்ஃபுக்குப் போனால் மட்டும் போதாது. திரும்பியும் வர வேண்டும். எஞ்சின் ரப்பர் மெத்தைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் பாயாது. ஆகவே எஞ்சினையும் வண்டியின் உடலையும் இணைக்கப் பின்னல் கம்பிப் பட்டை ஒன்று போட்டிருப்பார்கள். எர்த் பட்டை என்பது அதுதான். கடற்காற்றும் மழையும் உள்ள ஊரில் நாற்பது ஐம்பது ஆண்டில் அது துருவேறி அற்றுப்போவதில் ஆச்சரியமில்லை. அற்றுப்போனால் மின்சாரம் வேறு வழி தேடும். இதற்குப் பிறகு வருகிறோம்.

எஞ்சின் சுறுசுறுப்பாகச் சுற்றியும் பற்றவில்லையானால், பொறியைப் பாருங்கள். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டரின் நடுவில் வரும் கம்பியைப் பிடுங்கி, ரப்பர் உறையுள்ள இடத்தில் உலர்ந்த துணியால் பிடித்து, எஞ்சினின் இரும்புக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் தள்ளிக் காட்டி, ஒருவரைச் செல்ஃப் போடச் சொல்லுங்கள். பக்கத்தில் பெட்ரோல் வாடை இருந்தால் இதைச் செய்யவே கூடாது. நீல நிறத்தில் பளிச்சென்று பொறி பாய்ந்தால் அதுவரையில் எல்லாம் க்ஷேமம். கோளாறு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலோ, அதனுள் சுற்றும் ரோட்டரிலோ, பிளக் கம்பிகளிலோ, பிளக்கிலோ இருக்கும். மஞ்சளாய் இளைத்து வந்தாலோ, வரவே இல்லையென்றாலோ, பாயிண்ட், கண்டென்ஸர், காயில் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். பாயிண்ட்டின் இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. சரியான அளவு அந்தந்த வண்டியின் கைப்புத்தகத்தில் இருக்கும். அந்த இடைவெளியில் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் படிந்தாலும் வண்டி கிளம்பாது. பாயிண்ட் அடிக்கடி கருகினால் பாயிண்ட்டைத் திட்டாமல் கண்டென்ஸரை மாற்றுங்கள்.

மழைக்காலத்தில் மும்பை டாக்ஸிக்காரர்கள் காலையில் சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டிய கையோடு பானெட்டைத் திறந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் உள்ளும் புறமும் துடைப்பார்கள். அதுவும் ஒரு நித்திய கர்மம்தான். ஈரம் படிந்த மூடிக்குள் பொறி வழி தவறிப் பாயும். பிளக் கம்பிகளைப் பிடுங்கினால் எந்தக் கம்பி எங்கே என்று காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பியட்டுக்கும் அம்பாஸடருக்கும் எரியும் வரிசை 1, 3, 4, 2. நம் பக்கத்துக்காரர் ஒருவர் துடைத்த உற்சாகத்தில் கம்பிகளை மாற்றிச் செருகிவிட்டு, வண்டி துப்பாக்கி சுட்டதுபோல் வெடித்ததைக் கண்டு ஒரு மாதம் பானெட் பக்கமே போகவில்லை. இந்த டிஸ்ட்ரிபியூட்டர், காயில், செல்ஃப் முதலியவற்றில் பெரும்பகுதி சென்னை பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலையில் பிறந்தவை, நம்மைப்போலவே பிழைப்புக்காக வடக்கே வந்தவை என்று தகப்பனார் வேடிக்கையாகச் சொல்வார்.

பொறியும் உண்டு, ஆனாலும் கிளம்பவில்லை என்றால் பெட்ரோல். ஒரு வாரம் நின்ற வண்டியில் கார்புரேட்டர்க் கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகிப் போயிருக்கும். பம்ப் அதை நிரப்பும் மட்டும் பத்துப் பதினைந்து விநாடி செல்ஃப் சுற்றத்தான் வேண்டும். விட்டுவிட்டுப் போடுங்கள். இது நோயல்ல. அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் பம்பின் உள்ளே இருக்கும் ரப்பர்ச் சவ்வும், ரப்பர்க் குழாய்களும் சந்தேகத்துக்கு உரியவை. 2023 பிப்ரவரியில் நாட்டில் இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலின் விற்பனை தொடங்கிப் படிப்படியாக எங்கும் பரவிவிட்டது. எத்தனால் பழைய வகை ரப்பரை ஊதவும் வெடிக்கவும் செய்யும். காற்றிலுள்ள ஈரத்தையும் ஈர்க்கும். டாங்கின் அடியில் உறங்கிக்கிடந்த துருவையும் கசட்டையும் கிளப்பிவிடும். ஆகையால் புதிய ரகச் சவ்வும் குழாயும் போட்டு, வழியில் ஒரு சிறு பில்டரும் வைத்துவிடுங்கள். மாதக்கணக்கில் டாங்கை நிரப்பி நிறுத்தி வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

கோடையில் சூடான எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிஷம் கழித்துக் கிளப்பினால் மறுப்பது வேறு ரகம். குழாயிலுள்ள பெட்ரோல் கொதித்து ஆவியாகி வழியை அடைத்துக்கொள்ளும். டாக்ஸிக்காரர்கள் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றி வைத்தது அதற்காகத்தான். பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தால் நேர்மாறானது: அளவுக்கு மீறி வந்துவிட்டது. சோக்கை உள்ளே தள்ளி, ஆக்ஸிலேட்டரை முழுதும் ஒரே அமுக்காக அமுக்கிக்கொண்டு செல்ஃப் போடுங்கள். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம். கார்புரேட்டரின் வாயில் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே செல்ஃப் போடச் சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள். ஒருமுறை பின்னால் வெடித்தால் முகம் வெந்துபோகும்.

நிற்க. நம் கதைக்கு வருவோம்.

85,000 ரூபாய்த் தாளை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, நம் நினைவுக்கு வந்தவர் ஒரே ஒருவர். அவரிடம் போக நமக்கு முகமில்லை.

வடாலா பக்கம் ரயில்வே மதிலை ஒட்டித் தகரக் கூரைக்குக் கீழே டாக்ஸிகளைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் அவர். எல்லோருக்கும் அவர் உஸ்தாத். தகப்பனார் காலம் முழுவதும் நம் வண்டியைத் தொட்டவர் அவரே. 2013இல் ஒருமுறை கார்புரேட்டரைச் சுத்தம் செய்து தந்தார். அடுத்த வாரம் வண்டியைப் பார்த்த ஒரு நண்பர், விஷயம் தெரிந்தவர், "இது வண்டியோடு வந்த கார்புரேட்டர் அல்லவே, யாரோ மாற்றிவிட்டார்கள்" என்றார். நமக்கு ரத்தம் கொதித்தது. நேரே போய், அவருடைய கையாட்களுக்கு முன்னாலேயே, "அசலை எங்கே விற்றீர்கள்?" என்று கேட்டோம். அவர் சிறிது நேரம் நம்மைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பெரியவரைக் கேட்டால் தெரியும்" என்றார். தகப்பனார் இறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அதை நாம் குத்தல் பேச்சாக எடுத்துக்கொண்டோம். அவர் சட்டைப் பையிலிருந்து நாம் கொடுத்த கூலியை எடுத்து எஞ்சின்மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நாமும் அதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

2022இல் பரணைக் காலி செய்தபோது ஒரு பிஸ்கட் டப்பா கிடைத்தது. உள்ளே, எண்ணெய்த் துணியில் சுற்றிய கார்புரேட்டர். கூடவே தகப்பனாருடைய முத்து முத்தான எழுத்தில் ஒரு சீட்டு: 1989 தீபாவளிக்கு முந்திய வாரம் உஸ்தாத் இதைக் கழற்றிப் புதியது போட்டதாகவும், தண்டு தேய்ந்துவிட்டதால் மாற்றியதாகவும், பழையது பத்திரமாய் இருக்கட்டும் என்றும் எழுதியிருந்தது. அன்றே வடாலாவுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. நாளை, மறுநாள் என்று இரண்டு வருஷம் ஓட்டினோம். வெட்கத்துக்கு வேறு பெயர்கள் உண்டு. வேலை மிகுதி என்பது அவற்றில் ஒன்று.

2024 ஜூலையில் போனபோது தகரக் கூரை இல்லை. டாக்ஸிகள் போனதும் அவரும் இடத்தைக் காலி செய்துவிட்டாராம். எதிரேயிருந்த பங்க்சர் கடைக்காரர்தான், அவர் குர்லாவில் மகனுடைய ஸ்கூட்டர்ப் பட்டறையில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். போனோம். நாற்காலியில் தேநீர்க் கோப்பையோடு இருந்தவர் நம்மை உடனே அடையாளம் கண்டுகொண்டார். நாம் வாயைத் திறப்பதற்கு முன், "வண்டி எப்படி இருக்கிறது, அண்ணா?" என்றார். நம்மை அல்ல, வண்டியைத்தான் விசாரித்தார். முனகுவதைச் சொன்னோம். பாட்டரி மாற்றியது, செல்ஃப் மாற்றியது எல்லாம் சொன்னோம். கார்புரேட்டர் விஷயத்தைச் சொல்ல நா எழவில்லை.

மறுநாள் காலை வந்தார். பானெட்டைத் திறக்கவே இல்லை. நம்மை ஓட்டுநர் இடத்தில் உட்காரச் சொல்லி, ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, "சோக்கை இழுத்து, அதைப் பிடித்துக்கொண்டே செல்ஃப் போடுங்கள்" என்றார். போட்டோம், முனகியது. "இன்னொரு முறை." மறுபடி போட்டோம். கை சுட்டது. சோக்கின் கம்பி அடுப்பில் வைத்த கரண்டிபோல் காய்ந்திருந்தது.

எர்த் பட்டை அறுந்திருந்தது. செல்ஃப் இழுக்கும் மின்சாரம் நூறு ஆம்பியருக்கு மேல். அவ்வளவும் திரும்பி வர வழியின்றி, எஞ்சினுக்கும் உடலுக்கும் இடையே மிஞ்சிய ஒரே இணைப்பான அந்த மெல்லிய சோக்குக் கம்பியின் வழியே பிதுங்கி வந்துகொண்டிருந்தது. பாட்டரியை மாற்றி என்ன, செல்ஃபை மாற்றி என்ன? காய்ந்த நாட்களில் எங்கோ இரும்பும் இரும்பும் உரசி வழிவிட்டதால் நாலு நாள் ஓடியது, ஈரத்தில் நின்றது. உஸ்தாத் பையிலிருந்து ஒரு புதிய பட்டையை எடுத்தார். இரண்டு முனைகளிலும் துருவைப் பளபளவென்று சுரண்டிவிட்டுப் பொருத்தி முறுக்கினார். வண்டி அரைச் சுற்றில் பற்றிக்கொண்டது. பிறகு, நாம் கேட்டதற்காக, நான்கு பிளக்குகளையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கேஜ் வைத்துக் கம்ப்ரெஷன் பார்த்தார். நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டின. ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாக இருந்தால் அதில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி பார்க்க வேண்டும் என்றும், அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு என்றும் சொல்லிக்கொடுத்தார். எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று யார் சொன்னாலும் இந்தச் சோதனையைக் கண்முன் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

எவ்வளவு என்று கேட்டோம். பட்டைக்கு 150 ரூபாய் என்றார். கூலி? "இதற்கு என்ன கூலி, பத்து நிமிஷம்" என்றார்.

இந்த இடத்தில்தான் நாம் அன்பர்களிடம் மன்றாடிச் சொல்ல வேண்டியது இருக்கிறது. 5,200 ரூபாய் பாட்டரிக்கும் 7,500 ரூபாய் செல்ஃபுக்கும் நாம் முகம் சுளிக்காமல் கொடுத்தோம். ஏனெனில் கைக்கு ஒரு பெட்டி வந்தது. அதே பட்டறையில் ஒருவர் ஒரு மணி நேரம் யோசித்து, "எர்த் பட்டைதான், யோசித்ததற்கு 1,000 ரூபாய்" என்று கேட்டிருந்தால் பகல் கொள்ளை என்று சண்டை போட்டிருப்போம். சாமானுக்குப் பணம் உண்டு, புத்திக்கு இல்லை என்று நாம் வைத்திருக்கும் கணக்கு, யோக்கியமான மெக்கானிக்கைப் பட்டினி போட்டு, சாமான் விற்பவரை வளர்க்கிறது. நம் குடும்பங்களில் கூலியில் பத்து ரூபாய் குறைத்துவிட்டு வந்ததைச் சாமர்த்தியமாகச் சொல்லிக்கொள்ளும் பழக்கம் உண்டு. நம் தகப்பனாருக்கும் உண்டு. நாம் அன்று 1,000 ரூபாயை அவர் கையில் திணித்தோம். வெகு நேரம் வாதாடி 500 ரூபாய் எடுத்துக்கொண்டார்.

மெக்கானிக்கை எங்கே தேடுவது என்று கேட்பீர்கள். பளபளக்கும் பலகைகளை விட்டுவிட்டு, உதிரிச் சாமான் கடைத் தெருக்களுக்குப் போங்கள்: தில்லியில் காஷ்மீரி கேட், கல்கத்தாவில் மல்லிக் பஜார், பங்களூரில் ஜே.சி. ரோடு, ஹைதராபாத்தில் ராணிகஞ்ச், இங்கே குர்லா சி.எஸ்.டி. ரோடு, ஊருக்குப் போகும்போது சென்னைப் புதுப்பேட்டை. அங்கே உள்ள வயதான கடைக்காரரிடம், "பியட்டுக்குப் பாயிண்ட் இன்னும் யார் வந்து வாங்குகிறார்கள்?" என்று கேட்டால் போதும். பாயிண்ட் வாங்குகிறவருக்கு அதை வைக்கவும் தெரியும். ஓய்வு பெற்ற டாக்ஸிக்காரர் எவரேனும் கிடைத்தால் இன்னும் விசேஷம். தில்லியில் 1964இல் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை தொடங்கிய பந்தயம்போலப் பழைய வண்டிகள் கூடும் நிகழ்ச்சிகளில், வண்டிச் சொந்தக்காரரைவிடப் பக்கத்தில் துணியோடு நிற்பவரிடம் பேச்சுக் கொடுங்கள்.

ஆளைக் கண்டுபிடித்த பின், எடுத்த எடுப்பிலேயே பெரிய வேலையைக் கொடுக்காமல், பாயிண்ட் சரிசெய்வது போன்ற ஒரு சிறு வேலையைக் கொடுத்துப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்காருங்கள். நல்லவர் அதை விரும்புவார். பேச ஒரு ஆள் கிடைத்தது என்று மகிழ்வார். "எப்படித் தெரிந்தது?" என்று கேளுங்கள். சோதித்துக் காட்டுகிறவர் ஒரு ரகம். "இந்த வண்டிகளில் இதுதான் போகும்" என்பவர் இன்னொரு ரகம். ஒரு வேளைக்கு ஒரு சாமான்தான் மாற்ற வேண்டும். மாற்றியதும் வண்டியைக் கிளப்பிப் பார்க்க வேண்டும். கழற்றிய பழையது உங்கள் கைக்கு வர வேண்டும். இதை முதலிலேயே, மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். பின்னால் சந்தேகப்பட்டுக் கேட்பது அவமானம்; முன்னால் வழக்கமாகச் சொல்லிவைப்பது அவமானம் அல்ல. தகப்பனார் அந்த வழக்கத்தை வைத்திருந்ததால்தான் பிஸ்கட் டப்பாவே இருந்தது. நமக்குத்தான் பரணைப் பார்க்கத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு குர்லாவுக்குப் போனோம். வண்டியிலேயே போனோம். உஸ்தாதின் மகனும் இரண்டு பையன்களும் ஸ்கூட்டர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2013இல் கேட்டது பலர் முன்னிலையில் என்பதால், இதையும் அப்படியே செய்ய வேண்டும் என்று வீட்டிலேயே தீர்மானித்திருந்தோம். டப்பாவைத் திறந்து அவர் முன் வைத்தோம். "பெரியவரைக் கேட்டுவிட்டோம், நாம் சொன்னது பொய்" என்றோம். அவர் கார்புரேட்டரைக் கையில் எடுத்து, தண்டை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்து, லேத்தில் கொடுத்துப் புஷ் அடித்தால் இன்னும் இருபது வருஷம் உழைக்கும் என்றார். பிறகு சீட்டைக் கேட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது; ஒவ்வொரு வரியாக ஹிந்தியில் வாசித்துச் சொன்னோம். கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் ஓர் இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"முந்திய வாரம் அல்ல, அண்ணா. தீபாவளிக்குப் பிந்திய வாரம். பெரியவர் தப்பாக எழுதிவிட்டார். அன்றைக்கு எனக்கு ஒரு டப்பா முறுக்குக் கொண்டுவந்தார்."